முதுமை ஆய்வில் நம் ஊர்ப் பெண்களுக்கும் இடம் வேண்டும்

மூட்டுவலிக்கும் மறதிக்கும் “வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று ஒரே விடையைச் சொல்லி அமைவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். முதுமையோ செல்களின் அளவிலேயே நிகழும் மாற்றம், ஆராய்ந்து அறியத்தக்கது. பிரிந்து பெருகுவதை நிறுத்திவிட்ட செல்கள் சில, மடியாமல் உடலிலேயே தங்கி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. வயது ஏற ஏற அவை மிகுகின்றன. முதுமையில் பல நோய்கள் ஒருசேர வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர் ஆய்வாளர்.

இத்தகைய ஆய்வுக்கென அமெரிக்காவில் 1995 முதல் நேத்தன் ஷாக் மையங்கள் அரசின் பொருளுதவியுடன் இயங்குகின்றன. அதற்கும் முன்பே, 1958-இல், ஒரே மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு பால்டிமோரில் தொடங்கிற்று. அதில் முதல் இருபது ஆண்டுகள் ஆண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். பெண்கள் சேர்ந்தது 1978-இல்தான். மாதவிடாய் நின்றபின் பெண்ணுடலில் நிகழும் மாறுதல்களை ஆணின் உடலைக்கொண்டு அறிவது எங்ஙனம்?

நம் நாட்டிலும் நற்பணிகள் தொடங்கியுள்ளன. சென்னைக் கிண்டியில் 2024-இல் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் பகுதிக் கிராமங்களில் 45 வயதும் அதற்கு மேலும் ஆனோரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்கிறது. நகரத்தோடு நில்லாமல் கிராமத்தை நாடிச் சென்றதே அதன் சிறப்பு என்பேன்.

எனினும் அது மாந்தோப்புகள் நிறைந்த வேளாண் பகுதி. திருத்தங்கலிலும் சிவகாசியிலும் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு வேலைகளில் இளமை முதலே உழைத்த பெண்கள் நாள் முழுதும் தரையில் அமர்ந்து குனிந்தவர்கள். கந்தகத்தோடும் அலுமினியப் பொடியோடும் புழங்கியவர்கள். அவர்தம் நுரையீரலும் முதுகெலும்பும் எவ்வாறு முதுமையடைகின்றன என்பதைச் சீனிவாசபுரத்துக் கணக்கு சொல்லாது. இங்கேயே ஒரு தொடர் ஆய்வு அமைய வேண்டும். அதில் பெண்கள் தொடக்கத்திலேயே சேர்க்கப்பட வேண்டும்.

அத்தகைய அழைப்பு வருமாயின் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. கேளாமல் கையொப்பமிடவும் வேண்டியதில்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். எடுக்கப்படும் இரத்தம் எதற்குப் பயன்படும், முடிவு நமக்குத் தெரிவிக்கப்படுமா என வினவுங்கள். இடையில் விலக விரும்பினால் விலகலாம். அதனால் சிகிச்சை தடைபடலாகாது. மறதிநோய் உற்றவருக்காக இவற்றைக் கேட்க வேண்டியவர் உடனிருந்து பராமரிப்பவரே.