குடிநீரும் கஞ்சியும்

மாரி பெய்து வயல்கள் நிறையும் காலத்தில் எமது வீடுகளுக்குக் காய்ச்சலும் தடிமனும் கூடவே வந்துவிடுகின்றன. அப்போது அடுப்பில் முதலில் ஏறுவது குடிநீர்ச் சட்டிதான். கொத்தமல்லி, வேர்க்கொம்பு, கண்டங்கத்தரி, பற்பாடகம், மரமஞ்சள் ஆகிய ஐந்தும் சேர்ந்த பொதி 'பஸ்பங்குவ' என்ற பெயரில் நாடெங்கும் விற்பனையாகிறது. கையில் காசு குறைந்தவர்கள் கொத்தமல்லியை மட்டும் வறுத்து அவித்து, ஒரு துண்டுப் பனங்கட்டியோடு குடிக்கிறார்கள். இவ்வழக்கத்தைப் பழிக்க நாம் வரவில்லை. சூடான நீர் உடலுக்குள் போகிறது. வேர்க்கொம்பு குமட்டலைத் தணிக்கிறது. நம்மைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலும் நோயாளிக்குக் கிடைக்கிறது. ஆனால் குடிநீரால் செய்ய இயலாத வேலையையும் அதனிடம் ஒப்படைத்து விடுகிறோம் என்பதே எமது கவலை.

வன்னி மக்கள் குடிநீரை இவ்வளவு நம்பியதற்குக் காரணம் உண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்தும், 1996 இல் கிளிநொச்சியிலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வன்னியின் ஊர்களில் கொட்டில்களிலும் மரநிழல்களிலும் தங்கியிருந்த காலத்தில் மலேரியா வாட்டியெடுத்தது. பொருளாதாரத் தடையினால் மருந்துகளோ மட்டுப்பட்ட அளவிலேயே வந்தன. அந்நாட்களில் வேப்பம்பட்டையை அவித்துக் குடித்தவர்களை எவரும் அறிவீனர் என்று சொல்ல வேண்டாம். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எனினும் மலேரியாவை இந்நாட்டிலிருந்து விரட்டியது வேப்பம்பட்டை அல்ல. இரத்தப் பரிசோதனையும், உரிய மாத்திரையும், நுளம்பு ஒழிப்புமே அதைச் செய்தன. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

மூலிகைக்கு வலு இல்லை என்பது இதன் பொருளன்று. சீனாவின் பெண் விஞ்ஞானி தூ யூயூ, 4ஆம் நூற்றாண்டு வைத்திய நூலொன்றின் குறிப்பைப் பின்பற்றி, ஒரு செடியிலிருந்து ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தைக் கண்டறிந்தார். அதற்காக 2015 இல் நோபல் பரிசும் பெற்றார். சூடு பட்டால் மருந்துச் சத்துக் கெடுமென்று எண்ணி, குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்தபோதே அவருக்கு அது கைகூடியது. அதே செடியை அவித்துத் தேநீராகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. செடியில் மருந்து இருப்பது ஒன்று. கோப்பையில் அது போதிய அளவு இருப்பது வேறொன்று.

இன்று எமது கமக்காரரை அச்சுறுத்துவது எலிக்காய்ச்சல். 2024 நவம்பர் இறுதியின் பெருவெள்ளத்துக்குப் பின், டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பரவிய காய்ச்சலால் சில நாட்களுக்குள் குறைந்தது 7 பேர் உயிரிழந்தனர். முதலில் இன்னதென்று தெரியாதிருந்த அந்நோய் எலிக்காய்ச்சலே என்று பின்னர் பரிசோதனையில் தெரியவந்தது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த சேற்றில் இக்கிருமி வாழ்கிறது. காலில் உள்ள சிறு காயம் போதும், உள்ளே நுழைந்துவிடும். காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் நோ, கண் சிவத்தல் என்று தொடங்குவதால் சாதாரணக் காய்ச்சல் போலவே தோன்றும். நாலு நாள் குடிநீர் குடித்துப் பார்ப்போம் என்று வீட்டில் கிடந்தால், சிறுநீரகமும் ஈரலும் நுரையீரலும் பழுதடையக்கூடும். நேரத்தோடு போனால் விலை குறைந்த, சாதாரண மருந்துகளாலேயே மாற்றலாம். மாங்குளம் ஆதார வைத்தியசாலைக்கோ வேறெந்த வைத்தியசாலைக்கோ சென்றாலும், "நான் வயலில் இறங்கி வேலை செய்தேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வைத்தியருக்கு அது பெரிய உதவி.

டெங்குவின் சூது இன்னொரு விதமானது. மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் தணியும். பப்பாசி இலைச்சாறு வேலை செய்துவிட்டது என்று வீட்டார் மகிழ்வார்கள். உண்மையில் உயிராபத்து நெருங்குவது பெரும்பாலும் அந்த வேளையில்தான். கடும் வயிற்றுநோ, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டால் இரவென்றும் பாராமல் புறப்பட வேண்டும்.

உடம்புக்கு நோயை எதிர்க்கும் பலம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சோற்றுக்கோப்பையிலிருந்து வருகிறது. இங்கேதான் எமது வீடுகளின் ஒரு பழக்கத்தை நாம் கண்டிக்கிறோம். குடிநீரைக் கொடுத்துவிட்டு, பத்தியம் என்ற பெயரில் மீனை நிறுத்துகிறோம், முட்டையை நிறுத்துகிறோம், பருப்பை நிறுத்துகிறோம். வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைக்குத் தண்ணீரைக்கூடக் குறைக்கும் வீடுகள் இருக்கின்றன! அப்பிள்ளைக்கு 'ஜீவனி' கரைத்துக் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். காய்ச்சற்காரருக்குச் சிவப்பரிசிக் கஞ்சியில் பயறும் உள்ளியும் போட்டுக் காய்ச்சி, தேங்காய்ப்பால் விட்டுக் கொடுக்கலாம். சற்றுத் தேறியதும் குளத்து விராலில் ஒரு சொதி, ஓர் அவித்த முட்டை, முருங்கையிலை வறை, குரக்கன் கூழ். இவற்றில் எதுவும் பெருஞ்செலவுச் சாமான் அல்ல. இன்னொன்று: சோறு சாப்பிட்ட கையோடு சாயத்தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. தேநீரை ஒரு மணி நேரம் பிந்திக் குடியுங்கள். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள்.

யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்பதையும் கேட்கத்தான் வேண்டும். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டபின் சட்டியில் மிஞ்சியது தாய்க்கு. குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணிக்கென்று கொடுக்கும் திரிபோஷா வீடு முழுவதற்கும் பங்காகிறது. அவள் காய்ச்சலில் விழுந்தால் குடிநீர் காய்ச்சுவதற்குக்கூட ஆளில்லை.

'எதிர்ப்புச் சக்தி' என்று அச்சிட்ட பொதிகளையும் போத்தல்களையும் வாங்க அடைவு வைக்கும் அளவுக்குப் போக வேண்டாம். 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய அன்றைய சுகாதார அமைச்சர், 2021 சனவரியில் கொரோனாத் தொற்றுக்கு ஆளானார். ஒரு போத்தல் பாணியின் விலையில் எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் பாருங்கள்.

சிறுநீரக நோயாளர் அதிகமுள்ள வவுனியாப் பக்கத்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் வைத்தியரைக் கேளாமல் எந்தக் குடிநீரும் குடிக்கக்கூடாது. ஆடுதீண்டாப்பாளை இனச் செடிகள் சிறுநீரகத்தைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்குவதாக நிரூபிக்கப்பட்டிருக்கிறது. நல்ல பரியாரியாரும் ஆளைப் பார்த்தே மருந்து சொல்வார். அடுத்த வீட்டாரின் குடிநீரை எல்லோருக்கும் ஊற்றமாட்டார்.

சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள் ஒரு முருங்கைத் தடியை ஊன்றினால் ஓராண்டுக்குள் இலை பறிக்கலாம். இன்னும் பிறர் காணியில் இருப்பவர்களுக்கு மரம் நட உரிமையில்லை என்பது எமக்குத் தெரியும். உரப்பையில் வல்லாரையும் முளைக்கீரையும் வைத்தால், மீண்டும் பெயர வேண்டி வந்தாலும் பையோடு தூக்கிச் செல்லலாம்.

வயலில் இறங்குவோர் எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க வாரமொரு முறை எடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது ஏற்றதல்ல. கமக்காரர் அமைப்புகள் காலபோக விதைப்புக்கு முந்திய கூட்டத்துக்கே பரிசோதகரை அழைத்து, கூலிக்கு வயலில் இறங்கும் பெண்களின் பெயர்களையும் சேர்த்துப் பதிந்து கொடுக்க வேண்டும்.