மதிய உணவு ஞாபகம் இருக்கு... வாத்தியார் பென்ஷன் ஞாபகம் இருக்கா?



ஆசிரியர்கள் போராட்டம்னு ஒரு செய்தி வந்தா போதும். "வருஷத்துல பாதி நாள் லீவு, இதுக்கு இவ்வளவு சம்பளமா?"ன்னு ஒரு மீம் எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்த ஆரம்பிச்சிடும். நம்ம ஆதரவாளர்கள் சிலரே அதை ஃபார்வர்ட் பண்றாங்க. இந்தப் பதிவு முதல்ல அவங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

சொல்ல வர்றது ஒரே விஷயம். அரசுப் பள்ளின்னா கட்டடம் இல்ல, ஸ்மார்ட் போர்டு இல்ல. நாளைக்கும் வேலை இருக்கும்ங்கிற நம்பிக்கையோட வகுப்புக்குள்ள நுழையிற ஒரு ஆசிரியர்தான் அரசுப் பள்ளி. அந்த நம்பிக்கையை உடைச்சா பள்ளியும் உடையும். இது இருநூறு வருஷ வரலாறு சொல்ற பாடம்.

🔹 முன்ரோ எண்ணிப் பார்த்த கணக்கு

1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் முன்ரோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று மாவட்ட வாரியாகக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826இல் வந்த முடிவு: 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 மாணவர்கள். பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகள். பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் பெரும்பாலும் இடம் கிடையாது. "அந்தக் காலத்துல எல்லாரும் படிச்சாங்க"ன்னு பெருமை பேசுறவங்க இதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஆனா முன்ரோ இன்னொன்றையும் கவனித்தார். திண்ணை வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை. இந்த வருமானத்துக்குத் தகுதியான ஆட்கள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள் என்று எழுதினார். மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய், தாலுகா பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய் அரசே தரலாம் என்றும் திட்டம் போட்டார். நம்மை ஆண்ட கம்பெனி அதிகாரிக்கே புரிஞ்ச கணக்கு இது. இன்னைக்கு மீம் போடுறவங்களுக்குப் புரியல.

🔹 எழும்பூரிலிருந்து நியூயார்க் வரை

நம்மில் பாதி பேருக்கு அமெரிக்கா கனவு. அந்த அமெரிக்காவின் பொதுப் பள்ளிக்கும் சென்னைக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கு, தெரியுமா?

1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தியவர் ஆண்ட்ரூ பெல். நம்ம ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதையே தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். மூத்த மாணவன் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான், ஒரே ஒரு ஆசிரியர் மேற்பார்வை பார்த்தால் போதும் என்ற முறையை வளர்த்தார். 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். "மெட்ராஸ் சிஸ்டம்" என்றே அதற்குப் பெயர். ஜோசப் லங்காஸ்டர் லண்டனில் இதே மாதிரியான முறையைப் பரப்ப, 1806இல் நியூயார்க்கின் இலவசப் பள்ளி அதைத் தொடங்கியது. ஒரே கூடத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகள், ஒற்றை ஆசிரியர்.

ஏன் அவ்வளவு வரவேற்பு? செலவு குறைவு. அவ்வளவுதான்.

ஆனா செலவு குறைஞ்ச பள்ளியில கல்வியும் குறைஞ்சது. அமெரிக்கர்களே அதைக் கைவிட்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராக 1837இல் வந்த ஹோரஸ் மன், ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றார். 1839இல் லெக்சிங்டன் ஊரில் முதல் அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி திறந்தபோது வந்தது மூன்றே பெண்கள். அங்கிருந்துதான் அந்த நாட்டில் "ஆசிரியர்" என்பது ஒரு தொழிலாக வளர்ந்தது.

அங்கேயும் குறுக்கு வழி தேடினாங்க. ஆணுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் பாதியைக் கொடுத்தால் பெண் ஆசிரியர் கிடைப்பார் என்று கணக்குப் போட்டார்கள். 1897இல் சிகாகோவின் தொடக்கப்பள்ளி ஆசிரியைகள் சங்கம் அமைத்தார்கள். வாக்களித்த ஊதிய உயர்வைத் தர "நிதி இல்லை" என்று நிர்வாகம் கைவிரித்தது. மார்கரெட் ஹேலி என்ற ஆசிரியை தலைமையில் அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? நகரத்தின் டிராம், கேஸ், மின்சாரக் கம்பெனிகள் கட்டாமல் விட்ட வரியைத் தோண்டி எடுத்து, கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சாங்க! "நிதி இல்லை"ன்னு யார் சொன்னாலும், எந்த ஆட்சி சொன்னாலும், நாம கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: யாருக்கு விட்டுக்கொடுத்ததால நிதி இல்லாம போச்சு?

🔹 1955: நாம மறந்த ஆண்டு

1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நீதிக்கட்சி தொடங்கிய மதிய உணவு நமக்குத் தெரியும். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் தெரியும், மிச்ச நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கோ என்ற திட்டம். மக்கள் எதிர்த்ததும், 1954இல் காமராஜர் வந்து அதைக் கைவிட்டதும் தெரியும். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியதும் தெரியும்.

1955 தெரியுமா?

அந்த ஆண்டுதான் காமராஜர் அரசு, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி, காப்பீடு மூன்றையும் சேர்த்து ஒரே திட்டமாகக் கொடுத்தது. பத்து ஆண்டு கழித்து கோத்தாரி கல்விக் குழு, மற்ற மாநிலங்களும் இதே மாதிரித் திட்டத்தைக் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிள்ளைக்குச் சோறு போடுவதற்கு முந்தின ஆண்டு, வாத்தியாரின் முதுமைக்கு வழி செய்தார்கள். வரிசையைக் கவனிங்க. சோறு பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைச்சது. வந்த பிள்ளையைப் படிக்க வைக்க, வாத்தியார் நிலையா இருக்கணும்.

அதன் தொடர்ச்சிதான் 1981இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனது. ஒன்றியத்தில் பணம் இருந்தா சம்பளம், இல்லாட்டி பார்க்கலாம் என்ற நிலைமை இல்லை. கடையம் ஒன்றியத்துப் பள்ளிக்கும் சென்னைப் பள்ளிக்கும் ஆசிரியர் ஊதிய விகிதம் ஒண்ணு.

இது சின்ன விஷயம் இல்ல. அமெரிக்காவில் இன்றும் பள்ளிச் செலவில் பெரும் பங்கு உள்ளூர் சொத்து வரியிலிருந்து வருகிறது. பணக்கார ஊருக்கு வசதியான பள்ளி, ஏழை ஊருக்கு ஏழைப் பள்ளி. டெக்சாஸ் மாநில ஏழைப் பெற்றோர் இதை எதிர்த்துப் போட்ட வழக்கில், 1973இல் அவங்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவங்களுக்கு எதிராத் தீர்ப்பு சொன்னது. வீட்டு வரியை நம்பி நம்ம கடையம் வட்டாரப் பள்ளிகளை விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? பீடி சுத்துற அம்மாக்களும் வயக்காட்டு வேலைக்குப் போற அப்பாக்களும் கட்டுற வரியில எத்தனை வாத்தியார் வந்திருப்பார்? அந்த வீடுகள்ல இருந்து இன்ஜினியரா, நர்ஸா வெளிய வந்த தலைமுறைதானே நாம!

🔹 பாரதியும் தற்காலிக வாத்தியார்தான்

கடையம் செல்லம்மாளின் ஊர். சிறையிலிருந்து வெளிவந்த பாரதி 1918 கடைசி முதல் 1920 வரை வாழ்ந்த ஊர். அதே பாரதி 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். எத்தனை மாதம்? ஆகஸ்டில் சேர்ந்து நவம்பரில் முடிந்தது. விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாகத் தற்காலிக வேலை. பாரதியாகவே இருந்தாலும் தற்காலிக வாத்தியாரால் ஒரு வகுப்பை ஆண்டு முழுக்கக் கொண்டுபோக முடியாது. இதுதான் கணக்கு.

🔹 திரும்பவும் திண்ணைக்கா?

இப்போ பின்னோக்கி நடந்த பாதையைப் பாருங்க.

👉 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் நிறுத்தப்பட்டு, பங்களிப்பு ஓய்வூதியம். அதே ஆண்டு ஜூலையில் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் ஒரே அடியில் பணிநீக்கம்.

👉 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே பாடம், அதே தகுதி. தேதி மட்டும் வேற.

👉 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள். மாதம் 5,000 ரூபாய்.

👉 2022இல் காலியிடங்களுக்கு பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்கள். இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000.

இதில் எந்த ஒரு ஆட்சியையும் மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. "மெட்ராஸ் சிஸ்டம்" வேற பேர்ல திரும்பி வந்திருக்கு. ஆசிரியரை மலிவாக்கு, கல்வி கொடுத்த மாதிரி காட்டு. அவ்வளவுதான்.

இப்போ டெட் தேர்வு. 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேறணும், இல்லாட்டி கட்டாய ஓய்வு. இந்தத் தேர்வு 2010க்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னாடி, அன்றைய விதிப்படி தகுதியோடு வேலைக்கு வந்து, இருபது வருஷம் பாடம் நடத்தினவரை இன்னைக்கு வந்து "தகுதி காட்டு, இல்லாட்டி வீட்டுக்குப் போ"ன்னா அது நியாயமா? தரம் வேணும். அதுக்குப் பயிற்சி கொடுங்க. சட்டத்தைத் திருத்துங்க. வேலையில கை வைக்காதீங்க.

🔹 "சரியாப் பாடம் நடத்தாத வாத்தியாரே இல்லையா?"

இருக்காங்க. யாரும் மறுக்கல. எந்தத் துறையில இல்ல? அதைக் கேட்கத்தான் பெற்றோர் உட்காரும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு. நம்ம ஆட்கள் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போறோம்? கேள்வியை அங்க கேளுங்க. ஒருத்தர் சரியில்லைன்னு மொத்தத் தொழிலையும் கூலி வேலை ஆக்கிட்டா, நல்லா படிச்ச பிள்ளை எவனும் வாத்தியார் ஆக மாட்டான். முன்ரோ 1826லயே சொன்னது இதைத்தான்.

🔹 ஆகவே நாம செய்ய வேண்டியது

1. ஆசிரியர்களைக் கேவலப்படுத்துற மீம் உங்க குரூப்புக்கு வந்தா, அங்கேயே நிறுத்துங்க. பதிலா இந்தப் பதிவைப் போடுங்க.

2. உங்க ஊர்ப் பள்ளியில எத்தனை பணியிடம், எத்தனை காலி, எத்தனை பேர் தற்காலிகம்னு விசாரிச்சு கமெண்ட்ல எழுதுங்க. கடையம், ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர், ரவணசமுத்திரம் தோழர்கள் ஆரம்பிச்சு வைங்க.

3. காலிப் பணியிடத்துக்கு நிரந்தர நியமனம், சம வேலைக்குச் சம ஊதியம், பணியில் இருக்கும் ஆசிரியருக்கு டெட் பாதுகாப்பு. இந்த மூன்றையும் வாக்கு கேட்டு வரும் எல்லாரிடமும் கேளுங்க. நம்ம கட்சி வேட்பாளரா இருந்தாலும் கேளுங்க. கேட்கிற தொண்டன்தான் கட்சிக்குப் பலம்.

1955இல், இன்னைக்கு இருக்கிற வருமானத்துல சிறு பங்குகூட இல்லாத ஒரு அரசால முடிஞ்சது இன்னைக்கு முடியாதா?

முடியும். கேட்கணும்.

#ஆசிரியரே_அரசுப்பள்ளி #சமவேலை_சமஊதியம் #கடையம் #தென்காசி