வாக்குறுதி வேண்டாம், சட்டம் வேண்டும்!

தருமம் தலைகாக்கும் என்பர். தருமம் இதயத்தையும் காக்குமா? உண்டியல் ஏந்தி நிதி திரட்டி, மருத்துவமனைக்குக் கருவி வாங்கித் தருவதோடு நிற்கும் தருமம், நோய் வந்தபின் ஓடிவரும் தருமம். நோயே அணுகாதிருக்க அரசின் வாயிலில் நின்று, "சட்டம் இயற்று!" என்று முழங்கும் தருமம் வேறு. பிரிட்டனில் இந்த இரண்டாவது தருமம் நடத்திய போராட்டத்தை நம் தோழர்கள் அறிதல் வேண்டும். முதலாளியின் வாக்குறுதிக்கு விலை என்ன என்பதை அது எண்களாலேயே எழுதிக் காட்டுகிறது.

1996-ல் பேராசிரியர் கிரகாம் மக்கிரெகரும் மருத்துவ அறிஞர் சிலரும் கூடி, உப்பைக் குறைக்க ஓர் அறநிறுவனம் கண்டனர். மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏறிய அழுத்தம் இதயத்தைத் தாக்கும். "நாவைக் கட்டுங்கள்" என்று மக்களுக்கு உபதேசித்தோர் பலர். இவர்களோ ஆலைகளை நோக்கி விரல் நீட்டினர். ஏனெனில், அந்நாட்டார் உண்ணும் உப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு, ரொட்டியிலும் பதப்படுத்திய பண்டங்களிலும் முன்கூட்டியே கலந்து விற்கப்படுவது. கலந்தவன் ஒருவன்; பழி சுமப்பவன் வேறொருவனா?

போராட்டம் பலித்தது. 2006-ல் அரசின் உணவுத் தர அமைப்பு பண்டந்தோறும் உப்புக்கு இலக்கு வகுத்துக் கண்காணித்தது. 2000-01-ல் நாளொன்றுக்கு 9.5 கிராம் உப்பு உண்டவர், 2011-ல் 8.1 கிராம் உண்டனர். அந்த 2011-லேயே கூட்டணி அரசு என்ன செய்தது? "பொறுப்பு ஒப்பந்தம்" என்று அழகிய பெயர் சூட்டி, பொறுப்பனைத்தையும் கம்பெனிகளின் நல்லெண்ணத்திடம் ஒப்படைத்தது! விளைவு? இங்கிலாந்தில் 2018-19-ல் எடுத்த அளவீடு 8.4 கிராம். அரசே வகுத்த வரம்போ 6 கிராம்!

சர்க்கரையின் கதை இன்னும் தெளிவானது. உடற்பருமனையும் நீரிழிவையும் வளர்த்து, அவற்றின் வழியே இதயத்தை நலிவிப்பது அது. அதே பேராசிரியர் 2014-ல் சர்க்கரைக்கு எதிராகவும் அணி திரட்டினார். அரசு இரு வழிகளை மேற்கொண்டது. பிஸ்கட், கேக், மிட்டாய் விற்போரிடம், "2020-க்குள் 20 விழுக்காடு குறையுங்கள்" என்று வேண்டிக்கொண்டது. குளிர்பானக் கம்பெனிகள் மீதோ 2018 ஏப்ரலில் வரி விதித்தது. வேண்டுகோளுக்குக் கிடைத்தது 3.5 விழுக்காடு. வரிக்கு உட்பட்ட பானங்களில் சர்க்கரை குறைந்ததோ, 2015-க்கும் 2020-க்கும் இடையே 46 விழுக்காடு! கெஞ்சிய இடத்தில் துளி. சட்டம் பேசிய இடத்தில் வெள்ளம்!

"ஏழையின் பானத்துக்கு வரியா?" என்று கண்ணீர் வடித்தனர் கம்பெனியார். வரி ஏழைமீதன்று, உற்பத்தியாளர்மீது. 100 மில்லிலிட்டரில் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே கொணர்ந்தவர் ஒரு காசும் கட்டவேண்டுவதில்லை என்றது சட்டம். "அரசு என்ன, செவிலித்தாயா?" என்றும் ஏளனம் செய்தனர். இங்கிலாந்தில் 2007 சூலை முதல் நாள் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்தபோதும் இதே ஏளனந்தான். அடுத்த ஓராண்டில் மாரடைப்பால் மருத்துவமனைக்கு விரைந்தோர் தொகையை அத்தடை 1,200 அளவுக்குக் குறைத்ததாக 2010-ல் வெளியான ஆய்வு கணித்தது. ஏளனம் செய்தவர்கள் அந்த 1,200 குடும்பங்களுக்கு என்ன விடை தருவர்?

தோழர்களே! இதய நோய்க்கு இளமையிலேயே இரையாவோர் வறியவர் வாழும் பகுதிகளில்தான் மிகுதி. மலிவான பண்டமன்றி வேறு வாங்க வழியில்லாதவனிடம், "தேர்ந்தெடுக்கும் உரிமை உனக்குண்டு" என்பது உரிமையன்று, கேலி. கொடை கொடுப்போரை வணங்குவோம். ஆயினும், கொடைக்கு வேலையில்லாத நிலையை உண்டாக்கக் குரலெழுப்புவோரோடு தோள் சேர்ந்து நிற்போம். இலாபம் தானாக இரக்கங்கொண்டதில்லை. மக்களாட்சியின் சட்டமே அதனை இரங்க வைக்கும்!