கோபுரம் யாருக்கு? லயனுக்கா, லாபத்துக்கா?

கையில் போன் இருக்கிறது. திரையில் நாலு கோடும் தெரிகிறது. ஆனால் படம் போகாது, பணம் போகாது, பேச்சு அறுந்து அறுந்து வரும். நீலகிரியின் எஸ்டேட் லயன்களில் குடியிருக்கும் தொழிலாளிக்கு இது புதிய செய்தி அல்ல. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, அடுப்புப் பற்றவைத்து, வெளியூரில் வேலை செய்யும் மகனிடம் நாலு வார்த்தை பேசலாம் என்று அவர் உட்காரும் நேரத்தில்தான் போன் படுத்துக்கொள்கிறது.

"இது ஒரு பிரச்னையா? கூலி உயர்வைப் பற்றிப் பேசுங்கள்" என்று சிலர் சொல்லக்கூடும். கூலியைப் பற்றித்தான் நாமும் பேசுகிறோம். நூறு நாள் வேலையில் ஆஜர் பதிவதற்கு, தினமும் இரண்டு முறை வேலைத் தளத்தில் படம் எடுத்து செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாக்கியது யார்? மத்திய சர்க்கார். 2020 அக்டோபர் முதல் ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்தால்தான் அரிசி என்ற முறையைக் கொண்டுவந்தது யார்? மாநில சர்க்கார். பென்ஷன் வாங்கும் கிழவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குக்கூட 2014 முதல் மின்னணுச் சான்று வந்துவிட்டது. குன்னூரில் தேயிலை ஏலமே கம்ப்யூட்டர் வழியாக நடக்கிறது. உலையில் போடும் அரிசியிலிருந்து உதிரத்தைக் கொட்டி உழைத்த கூலி வரை எல்லாவற்றையும் அலைவரிசையில் கட்டித் தொங்கவிட்டாகிவிட்டது. அந்தக் கயிறு மட்டும் லயன் வரை எட்டவில்லை என்றால், அறுந்து விழுவது யாருடைய சோறு? ஆகவே இது உல்லாசப் பிரச்னை அல்ல, வயிற்றுப் பிரச்னை.

பாரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை சர்க்காரின் கணக்கே சொல்கிறது. 2014 மார்ச்சில் இந்தியாவில் இன்டர்நெட் உபயோகிக்கும் ஒரு செல்போன்காரர் மாதத்துக்குச் சராசரியாக 61.66 எம்.பி. செலவழித்தார். 2024 மார்ச்சில் அது 20.27 ஜி.பி. ஆகிவிட்டது. பத்தே ஆண்டுகளில் முந்நூறு மடங்குக்கு மேல்! இந்த வளர்ச்சி திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை. வருஷா வருஷம் கண் முன்னே ஏறியது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, பாடம் முழுவதையும் போனில் படிக்கச் சொன்னார்கள். அப்போதே மலை ஜில்லாக்களுக்குத் தனித் திட்டம் போட்டிருக்க வேண்டாமா?

திட்டம் போடுவது எப்படி என்பது ஒன்றும் ரகசியம் அல்ல. டென்மார்க்கின் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணித நிபுணர், நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1909லும் 1917லும், இதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்துவிட்டார். இத்தனை பேர், இத்தனை நேரம் பேசினால், எத்தனை கம்பி இருந்தால் எத்தனை பேருக்கு "லைன் பிஸி" என்று வரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு அது. அதன் சாரம் ஒன்றுதான்: நாள் முழுவதையும் கூட்டி வகுத்த சராசரியைப் பார்க்காதே, எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும் நெருக்கடி மணியைப் பார்.

தோட்டத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொழுந்து பொங்கி வரும் மாதங்களில் ஃபேக்டரி வாசலில் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. வாட்டும் தொட்டி போதவில்லை என்று சிறு விவசாயியின் இலையை வாங்க மறுக்கிறார்கள். "வருஷச் சராசரிப்படி எங்கள் தொட்டி போதும்" என்று முதலாளி சொன்னால், கெட்டுப்போன கொழுந்து திரும்பிவிடுமா? செல்போன் கோபுரமும் அப்படித்தான். அது லயனுக்கு நடுவே இருக்கும் ஒரே குழாய். பகலில் ஒருவர் பிடித்தால் குடம் நிமிஷத்தில் நிரம்பும். மாலையில் நாற்பது குடம் வரிசையில் நின்றால் நூல் போலத்தான் ஒழுகும். திரையில் தெரியும் கோடு, குழாய் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். தண்ணீர் வருமா என்று சொல்லாது.

கோபுரத்துக்குப் பின்னால் உள்ள பாதையும் முக்கியம். காற்றில் வருவது கோபுரம் வரைதான். அதற்கு அப்பால் கண்ணாடி இழைக் கம்பியோ, குன்றிலிருந்து குன்றுக்கு எறியும் மைக்ரோவேவ் இணைப்போ பாரத்தைச் சுமக்க வேண்டும். கோபுரத்தில் புதிதாக 4ஜி கருவியை மாட்டிவிட்டு, பின்னால் பழைய மெல்லிய இணைப்பையே விட்டுவைத்தால், அகன்ற ரஸ்தாவை ஒற்றையடிப் பாதையில் கொண்டுபோய் முடித்த கதைதான்.

"மலைப் பிரதேசம், கஷ்டம்" என்று கை விரிப்பார்கள். கஷ்டம்தான். ஒரு மடிப்பில் வைத்த கோபுரத்தின் அலை அடுத்த மடிப்பில் உள்ள லயனுக்குப் போகாது, குன்று மறைக்கும். சமவெளியில் ஒரு கோபுரம் செய்யும் வேலைக்கு இங்கே சில சிறு கோபுரங்கள் வேண்டும். ஆனால் இதே மலையில், உதகைக்கு அருகே முத்தொரையில், 530 மீட்டர் நீளமுள்ள ரேடியோ தொலைநோக்கியை நம் நாட்டு விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் நிறுவி, 1970 முதல் வானத்தின் அலைகளைப் பிடித்து வருகிறார்கள். மலையின் சரிவை இடையூறாக நினைக்காமல், அந்தச் சரிவையே கருவிக்கு ஆதாரமாக்கிக்கொண்டார்கள். கோடானுகோடி மைலுக்கு அப்பால் உள்ள நட்சத்திரத்தின் குரல் கேட்கும் மலையில், பந்தலூர்த் தாயின் குரல் திருப்பூரில் வேலை பார்க்கும் மகளுக்குக் கேட்காது என்றால், அது மலையின் குற்றமா?

குற்றம், எண்ணும் முறையில் இருக்கிறது. தனியார் கம்பெனி எங்கே எண்ணுகிறது? ரீசார்ஜ் பணம் எங்கே குவிகிறதோ அங்கே. சீசனில் உதகையிலும் குன்னூரிலும் வந்து குவியும் கூட்டம் அதன் கண்ணுக்குத் தெரியும்; எஸ்டேட்டின் கடைசி டிவிஷனில் உள்ள முப்பது வீடு தெரியாது. சர்க்கார் எப்படி எண்ணுகிறது? கிராமக் கணக்கில். 2022 ஜூலையில், சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க ரூ.26,316 கோடி ஒதுக்கினார்கள். நல்லது. ஆனால் நீலகிரியில் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல எஸ்டேட்டுகள், எஸ்டேட்டுக்குள் பல டிவிஷன்கள். ஒரு மேட்டில் சிக்னல் கிடைத்தால் கிராமத்துக்கே கிடைத்துவிட்டதாக எழுதிக்கொள்ள இந்தக் கணக்கில் இடம் இருக்கிறது.

மலை ரஸ்தாவுக்குக் கணக்குப் பார்க்க முடிந்தது. சென்னை ஹைகோர்ட் தலையிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பு கட்டினார்கள். ரஸ்தா எவ்வளவு வண்டியைத் தாங்கும் என்று கேட்டவர்கள், அத்தனை வண்டியிலும் வருகிறவர்களின் போன்களும் சேர்ந்தால் கோபுரம் தாங்குமா, தாங்காதபோது தள்ளப்படுகிறவர் யார் என்று கேட்கவில்லையே!

இந்த வேலையைச் செய்ய வேண்டிய பொதுத்துறை ஸ்தாபனத்தின் கதை வேதனையானது. 1984ல் ஆரம்பிக்கப்பட்ட சி-டாட் ஸ்தாபனம், நம் கிராமங்களின் தூசியையும் வெயிலையும் தாங்கி, குளிர்சாதனம் இல்லாமலே ஓடும் 128 இணைப்புகள் கொண்ட சிறு எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. பொதுத்துறைக்குத் திறமை இல்லை என்கிறவர்கள் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். 2000 அக்டோபர் 1ல் பி.எஸ்.என்.எல். பிறந்தது. தனியார் 4ஜி சேவை இந்தியாவில் 2012லேயே தொடங்கிவிட்டது. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைவரிசை தர மந்திரிசபை முடிவு செய்ததோ 2019ல். 2020ல் கருவி வாங்கக் கோரிய டெண்டரும் ரத்தாயிற்று. நாடு தழுவிய 4ஜி சேவை முறையாகத் துவக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27ல். பதின்மூன்று ஆண்டுகள் பந்தயக் குதிரையின் காலைக் கட்டிப்போட்டு, "பார், ஓட மாட்டேன் என்கிறது" என்று ஊருக்குச் சொன்னார்கள்.

இடையில், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் அதிகமான ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியே போனார்கள். கம்பி எந்த வளைவில் புதைந்திருக்கிறது, எந்த மேட்டில் மழைக்காலத்தில் மண் சரியும் என்பதை அறிந்த அனுபவமும் அவர்களோடு போயிற்று. மூன்று தவணையாகப் பல லட்சம் கோடி ரூபாய் உதவித் திட்டங்கள் வந்தன என்பது உண்மை. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் பட்டினி போட்டு மெலிந்த பிறகு வைக்கும் சோறு, காலத்தில் வைத்த சோறு ஆகாது. விளைவு என்ன? 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஒரே மூச்சில் ஏற்றியபோது, வேறு பக்கம் போகலாம் என்று நினைத்த ஏழைக்கு, மலையில் போதிய பலத்தோடு ஒரு பொதுத்துறை வலை இல்லை.

இயற்கையும் நமக்கு எச்சரிக்கை தந்திருக்கிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 ஜூலை 30ல் பந்தலூருக்கு அடுத்த வயநாட்டில், முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. 200க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. அவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தார்கள். கரண்ட் போன சூரல்மலையில் பி.எஸ்.என்.எல். கோபுரத்தை டீசல் எஞ்சின் வைத்து ஓட்டி, அவசர அவசரமாக 4ஜி கொடுத்து மீட்பு வேலைக்கு உதவினார்கள். அந்த ஊழியர்களுக்கு நம் வணக்கம். ஆனால் பிணம் விழுந்த பிறகு நாட்கணக்கில் செய்ய முடிந்ததை, விழுவதற்கு முன் வருஷக்கணக்கில் செய்ய முடியாதது ஏன்?

இரண்டு ஆட்சேபணைகள் வரும். முதலாவது, பணம். 2002 முதல், கிராமப்புற சேவைக்கென்றே கம்பெனிகளின் வருமானத்தில் ஒரு பங்கு, 5 சதவீதம், பொது நிதிக்குப் போகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு "டிஜிட்டல் பாரத் நிதி" என்று பெயர் வைத்தது. தொழிலாளி செய்யும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் அந்த நிதிக்குப் பங்கு இருக்கிறது. ஒரு தனியார் கம்பெனியின் பாக்கியைப் பங்காக மாற்றிக்கொள்ள, 2025 ஏப்ரலில் மட்டும் சுமார் ரூ.36,950 கோடிக்கு மத்திய சர்க்காரால் வழி செய்ய முடிந்தது. லயனுக்கு மட்டும் கஜானா காலியா?

இரண்டாவது, காடு. யானை வழியில் கோபுரம் நடச் சொல்லி நாம் கேட்கவில்லை. காடும் நீரும் போனால் முதலில் வாழ்விழப்பவன் மலைத் தொழிலாளிதான். ஆனால் ஒரே குன்றில் மூன்று கம்பெனி மூன்று கோபுரம் எழுப்புவானேன்? பொது நிதியில் கட்டிய கோபுரங்களில் எல்லாக் கம்பெனிகளின் போனும் வேலை செய்யும் ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியதே, அதை மலை முழுவதற்கும் ஏன் விரிக்கக் கூடாது? கூடலூரில் 1969ஆம் ஆண்டு ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நிலங்களில் மின் இணைப்புப் பெறுவதே நெடுநாள் தகராறு. அதைத் தீர்க்காமல் கோபுரத்துக்கு மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை.

எனவே நாம் கேட்பது இவை:

முதலாவது: எஸ்டேட் டிவிஷன், ஆதிவாசி ஊர், படுகர் ஹட்டி என்று ஒவ்வொரு குடியிருப்பாக, மாலை நெருக்கடி மணியில் அளந்து கணக்கெடுக்க வேண்டும். எங்கே எந்தச் சேவை உண்டு என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும் என்று டிராய் 2024ல் விதி செய்துவிட்டது. அந்த வரைபடத்தை லயன் வாசலில் நின்று சரிபார்க்க வேண்டும். கோபுரவாரியாக நெருக்கடி எவ்வளவு என்பதையும் வெளியிட வேண்டும்.

இரண்டாவது: இன்றைய பாரத்துக்கு அல்ல, ஐந்தாண்டுக்குப் பிந்திய பாரத்துக்குத் திட்டம் போட வேண்டும். இடம், அனுமதி, மின்சாரம், கம்பி என்று ஒவ்வொன்றுக்கும் காலம் பிடிக்கும் மலையில், கோபுரம் நிரம்பிய பிறகு கோப்பைத் திறப்பது நிரந்தரமாகப் பின்தங்குவதற்கே வழி.

மூன்றாவது: கண்ணாடி இழைக் கம்பி ஒரே மலைப்பாதையை நம்பி இருக்கக் கூடாது. குன்னூர் வழி, கோத்தகிரி வழி, மஞ்சூர்-கெத்தை வழி, கூடலூர் வழி என்று வளையமாகக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் மண் சரிந்தால் மறு பக்கம் ஓட வேண்டும். ஒவ்வொரு கோபுரத்திலும் மழைக்காலத்தைத் தாங்கும் பேட்டரி வேண்டும்.

நான்காவது: இதைச் செய்யும் பொறுப்பைப் பி.எஸ்.என்.எல்.லுக்குக் கொடுத்து, அதற்கு வேண்டிய நிரந்தர ஊழியர்களையும் கொடுக்க வேண்டும். காண்டிராக்ட் தொழிலாளியை மழையில் கம்பத்தில் ஏற்றிவிட்டு, கூலிக்கு அலையவிடக் கூடாது.

ஐந்தாவது: சிக்னல் இல்லாத காரணத்தால் எந்தத் தொழிலாளியின் ஆஜரும், ரேஷனும், பென்ஷனும் மறுக்கப்படக் கூடாது. வலை வரும் வரை காகிதப் பதிவேடு செல்ல வேண்டும்.

கோவை, திருப்பூர் ஆலைத் தொழிலாளத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1930களில் பைக்காராவின் மின்சாரம் மலையிலிருந்து இறங்கித்தான் கோவையில் ஆலைகள் பெருகின. மலை கொடுத்தது, சமவெளி வளர்ந்தது. இன்று மலைக்கு ஏற வேண்டிய ஒரு கம்பிக்காக நீங்கள் குரல் கொடுப்பது தர்மம் அல்ல, கடன். 1946 ஜூலையில் தபால் தந்தி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நாட்டின் மற்றத் தொழிலாளர்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். அந்த ஒற்றுமை இப்போதும் வேண்டும்.

தோட்டத் தோழர்களே! மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குப் போகும்போது, கையில் ஒரு காகிதம் கொண்டு போங்கள். உங்கள் லயனின் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, எந்த நேரத்தில் எந்தக் கம்பெனியின் சேவை நிற்கிறது என்று ஒரு மாதம் எழுதி வைத்த கணக்கு, எல்லோருடைய கையெழுத்தும் அதில் இருக்கட்டும். அதைத் தீர்மானமாக்கி கலெக்டருக்கும், பி.எஸ்.என்.எல்.லுக்கும், டிராய்க்கும் அனுப்புங்கள். யூனியன் கிளைகள் லயன் லயனாகச் சென்று இந்தக் கணக்கெடுப்பை இந்த மாதமே துவக்க வேண்டும். அவர்கள் நம்மை எண்ணவில்லை என்றால், நம்மை நாமே எண்ணிக் காட்டுவோம்.