பழைய மண்வாரி இயந்திரம் வாங்கும் முன் மூன்று நாள் அவகாசம்

வளைகுடா நாடுகளில் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பும் சகோதரர்களில் பலர், கையிலுள்ள சேமிப்பைக் கொண்டு மண்வாரி இயந்திரம் ஒன்று வாங்கி வாடகைக்கு விட எண்ணுகின்றனர். வீடு கட்ட வானம் தோண்டுவது முதல் கண்மாய் தூர் வாருவது வரை எல்லாவற்றுக்கும் இன்று ஜேசிபி வேண்டியிருக்கிறது. எண்ணம் நல்லதே. ஆனால் புதிய இயந்திரத்தின் விலை முப்பது இலட்சத்துக்கும் மேல். வட்டிக் கடனுக்கு அஞ்சுகிறவர் பழையதைத் தேடுவது இயல்பு. அங்கேதான் தரகர் காத்திருக்கிறார்.

“மாலையில் வேறொருவர் பார்க்க வருகிறார்; இப்போதே ஐம்பதாயிரம் முன்பணம் தந்தால் உங்களுக்கென்று நிறுத்தி வைக்கிறேன்” என்பது அவர் வழக்கமாகச் சொல்லும் பேச்சு. இத்தொழிலில் ஏமாந்தவர்களின் கதையைக் கேட்டால், பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் அது தொடங்கியிருக்கும்.

வணிகத்தில் அடிக்கடி ஏமாந்து வந்த தோழர் ஒருவரின் செய்தி நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, வாங்கும்போதே இதில் ஏமாற்று இருக்கக் கூடாது என்று சொல்லிவிடுமாறு அவருக்கு அறிவுறுத்தினார்கள். அவருக்கு மூன்று நாள் அவகாசம் தரப்பட்டதாகவும் அறிவிப்பு உண்டு. இதனை அடிப்படையாகக் கொண்டே, பொருளை வைத்துக்கொள்ளவோ திருப்பித் தரவோ நிபந்தனையிட்டுக்கொள்ளும் உரிமையை மார்க்கச் சட்ட அறிஞர்கள் ‘கியாருஷ் ஷர்த்’ என்று விளக்கினர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இருவருமே இதற்கு மூன்று நாள் எல்லை வகுத்துள்ளனர். நம் வீடுகளில் பிள்ளைகள் மதரஸாவில் இதனை ஓதுகிறார்கள். தந்தையர் இலட்சக்கணக்கில் கொடுக்கும்போது ஒருவரும் நினைவுகூர்வதில்லை. முத்திரைத் தாளில் இந்த நிபந்தனையை எழுதச் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். நாட்டில் இயந்திரங்களுக்குப் பஞ்சமில்லை.

அந்த மூன்று நாளில் செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலில் ஹவர் மீட்டர். இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை இது காட்டும். நாள் ஒன்றுக்கு எட்டு மணி, மாதம் இருபத்தைந்து நாள், ஆண்டுக்குப் பத்து மாதம் என்று வைத்தாலே ஓர் ஆண்டில் 2,000 மணி ஆகிறது. ஐந்து ஆண்டு ஓடிய இயந்திரம் 4,200 மணி காட்டினால், மீதி எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். மீட்டரை மாற்றுவது எளிது. தேய்ந்து வழுக்கும் மிதிகட்டைகளையும், பிய்ந்த இருக்கையையும், பளபளத்துப்போன கைப்பிடிகளையும் ஒருசேர மாற்றுவோர் குறைவு. இயந்திரத்தின் வரிசை எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையகத்தில் பழைய சர்வீஸ் குறிப்பைக் கேளுங்கள். அண்மைக் கால இயந்திரங்கள் பலவற்றில் ஓடிய மணிக்கணக்கு மின்னணுக் கருவியிலும் பதிவாகியிருக்கும். அதனை மீட்டருடன் ஒப்பிடச் செய்யலாம்.

பார்க்கப் போகும்போது சொல்லாமல் காலையிலேயே போவது நலம். எஞ்சின் முன்னதாகவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது கிளம்பாத குறையை மறைக்க ஓட்டி வைத்திருக்கக்கூடும். ஆறவிட்டுக் கிளப்பச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சும்மா ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருமானால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன எனலாம். ஹைட்ராலிக் ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அடுத்து, பூமை உயர்த்தி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள்; அதன் கீழே ஒருவரும் நிற்கலாகாது. கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் சிலிண்டரிலோ வால்விலோ கசிவு உண்டு. பக்கெட்டை மேலும் கீழும் அசைத்து, பின்னும் புஷ்ஷும் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்க்க வேண்டும்.

புதுப் பெயின்ட் கண்டு மயங்க வேண்டா. ரப்பர் ஹோஸ்களின் மீதும் பெயின்ட் தெறித்திருந்தால், விற்பதற்காகவே அவசரமாக அடிக்கப்பட்டது அது. சேசிஸிலும் பூமிலும் வெல்டிங் வைத்த தடயம் அதன் அடியில் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து உள்ளிருந்த ஈரத்தைக் கண்டறிந்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. மேலே காய்ந்தது, உள்ளே நனைந்தது. இங்கு மேலே பெயின்ட், உள்ளே விரிசல்.

மெக்கானிக்கை நீங்களே அழைத்துச் செல்லுங்கள், கூலியையும் நீங்களே கொடுங்கள். தரகர் கொண்டுவரும் மெக்கானிக் தரகரின் ஆள். முடிந்தால் அந்த இயந்திரத்தை ஓட்டிய ஓட்டுநருக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள். முதலாளி சொல்லாததை அவர் சொல்லக்கூடும்.

இயந்திரம் நன்றாக இருந்தும் ஏமாந்தவர்கள் உண்டு. அது காகிதத்தால் வரும் கேடு. டயரில் ஓடும் மண்வாரிகள் மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியவை. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால் கடன் பதிவு நீங்கவில்லை என்று பொருள். ‘எல்லாம் கட்டி முடித்தாயிற்று’ என்ற வாய்ச்சொல் போதாது. நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35-உம் தடையில்லாச் சான்றும் வேண்டும். பாக்கி இருந்தால், அத்தொகையை விற்பவர் கையில் தராமல் ஃபைனான்ஸ் நிறுவனத்திலேயே நேரில் செலுத்தி ரசீது பெறுங்கள். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் கடன் பதிவு, காப்பீடு ஆகியவற்றின் விவரம் கிடைக்கும். சேசிஸ் எண்ணைத் தாளில் பென்சிலால் உரசி எடுத்து ஆர்.சி.யுடன் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

செயினில் ஓடும் இயந்திரத்தின் நிலை வேறு. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் பெயரால் பொக்லைன் என்று நாம் அழைத்துவரும் இவ்வகைக்கு ஆர்.சி. கிடையாது. முதன்முதலில் வாங்கியபோது தரப்பட்ட விலைப்பட்டியலும், அதன் பின் கைமாறிய ஒவ்வொரு முறைக்குமான பத்திரமுமே உரிமைக்குச் சான்று. நகலை மட்டும் காட்டி, அசல் தொலைந்துவிட்டது என்பாரானால், அந்த அசல் ஏதேனும் ஒரு ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெட்டியில் இருக்கக்கூடும். தவணை கட்டாத இயந்திரத்தை அவர்கள் தேடி வரும்போது உங்கள் பணம் விற்றவரிடமும் இயந்திரம் அவர்களிடமும் இருக்கும்.

கைபேசியில் படத்தை அனுப்பி, ‘வங்கி ஜப்தி செய்த வண்டி, பாதி விலை’ என்று முன்பணம் கேட்பவரிடம் பேச்சையே வளர்க்க வேண்டா. நேரில் பாராத இயந்திரத்துக்கு ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். தாமதமின்றிச் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

நம் சகோதரிகளுக்கும் ஒன்று. சேமிப்புப் போதாதபோது உங்கள் நகை அடகுக் கடைக்கோ விற்பனைக்கோ போகிறது. மஹராகப் பெற்ற நகை மார்க்கப்படி உங்கள் சொத்து. உங்கள் மனமொப்பிய சம்மதமின்றிக் கணவரும் அதனைத் தொட முடியாது. சம்மதம் தருவதாயின், அசல் காகிதங்களைப் பார்த்த பின்பே தருவேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவசரத்தில் இருக்கும் கணவருக்கு இது கசக்கலாம். கடனைச் சாட்சிகளோடு எழுதிக்கொள்ளச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

தம்மிடமுள்ள பழைய இயந்திரத்தை விற்பவர்களும் கவனிக்க வேண்டும். குறையை மறைத்து விற்றால், வாங்கியவர் அதனைக் கண்டபின் திருப்பித் தர மார்க்கம் அவருக்கு ‘கியாருல் ஐப்’ என்னும் உரிமை தந்துள்ளது. பெயர் மாற்றத்தையும் வாங்குபவர் பொறுப்பில் விட்டுவிடலாகாது. ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. விற்ற 14 நாட்களுக்குள் படிவம் 29-ஐ நீங்களே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.