புல்லட்டுக்கு எதற்கு இன்னொரு சைலன்சர்?

போன வாரம் விடியற்காலையில் என் தங்கை பேரன் புல்லட்டில் புது சைலன்சர் மாட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றான். அவன் வந்து நிற்பதற்கு முன்பே தெருவுக்கே தெரிந்துவிட்டது. எதிர் வீட்டில் பால் கறந்துகொண்டிருந்தார்கள். மாடு மிரண்டு உதைத்ததில் செம்பு கவிழ்ந்துவிட்டது. "எப்படி இருக்கு தாத்தா சவுண்டு?" என்று கேட்டான். அப்போது வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியதை எழுதுகிறேன்.

நானும் புல்லட் ஓட்டியவன்தான். 1984-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். வாங்கிய மாதமே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து சைலன்சருக்குள் இருந்த தகட்டை எடுக்கச் சொன்னேன். வண்டி வருவது நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும் என்ற கொழுப்பு. அப்போது குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் நெஞ்சு நோயோடு படுத்திருந்தார். ஒரு நாள் அதிகாலை அவர் சம்சாரம் வெளியே வந்து, "தம்பி, இப்பத்தான் கண்ணு மூடுனாரு. தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயி ஸ்டார்ட் பண்ணுப்பா" என்றார். நான் சிரித்துக்கொண்டே அங்கேயே உதைத்தேன். அந்த மாதக் கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தார். சத்தத்தால் அல்ல, நோயால்தான். ஆனால் அவருக்கு மிச்சமிருந்த கொஞ்சத் தூக்கத்தையும் கெடுத்தவன் நான். துக்கம் கேட்கப் போனபோது அந்தம்மா எதையும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இப்போது பையன்கள் சொல்லும் வாதத்துக்கு வருகிறேன். "புல்லட்டுன்னா சத்தம்தானே தாத்தா!" இல்லையப்பா. பழைய 350-ல் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலம், அது ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கனமான ஃப்ளைவீல் வேறு. அதனால் வண்டி நின்ற இடத்தில் மெதுவாகத் துடிக்கும், ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் காதில் விழும். அந்தக் கம்பீரம் எஞ்சின் கொடுப்பது. நல்ல சைலன்சர் அதிலிருக்கும் கீச்சையும் வெடிப்பையும் தன் அறைகளிலும் கண்ணாடிப் பஞ்சிலும் அடக்கிவிட்டு, அடிக்குரலை மட்டும் வெளியே விடும். தவிலில் தொப்பிப் பக்கம் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். கடையில் விற்கிற கட்டைக் குழாயில் அறையும் கிடையாது, பஞ்சும் பேருக்குத்தான். எல்லாம் கலந்து வெளியே கொட்டுகிறது. அதைக் கேட்டுவிட்டு 'பேஸ்' என்கிறார்கள்.

இன்னொரு வாதம், சத்தம் இருந்தால் எதிரில் வருபவன் ஒதுங்குவான், உயிர் தப்பும் என்பது. குழாயின் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கிறது. முன்னால் போகிற லாரிக்காரருக்குக் கேட்பதைவிட, கடந்துபோன வீட்டில் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குத்தான் அதிகம் கேட்கும். ஒதுங்கச் சொல்ல ஹாரன் இருக்கிறது.

சட்டமும் சும்மா இல்லை. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்ற அளவில்தான் கம்பெனியில் இருந்தே வருகிறது. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை வரம்பு 45 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்கு என்பதைப் பையன்கள் கணக்கில் எடுப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்த வரம்பை மீறிய வண்டியை ரோட்டில் ஓட்டினால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விசாகப்பட்டினத்தில் போலீஸ்காரர்கள் இப்படிப் பிடித்த சைலன்சர்களை ரோட்டில் பரப்பி ரோலர் ஏற்றினார்கள்.

(திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரைப் பற்றி எழுதமாட்டீர்களா என்று கேட்பீர்கள். எழுதுவேன். அதற்கு ஒரு பதிவு போதாது.)

மாற்றியே தீருவேன் என்பவனுக்குச் சொல்கிறேன். கம்பெனியே உன் மாடலுக்கென்று விற்பது கிடைக்கிறதா பார். இல்லையென்றால் நீளமான, வயிறு பெருத்த குழாயாகப் பார். உள்ளே 'டிபி கில்லர்' என்று ஒரு அடைப்பு போல்ட் போட்டு இருக்க வேண்டும், அதைக் கழற்றி வீசக் கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரும் இருக்கிறது. கண்ட குழாயை மாட்டினால் பெட்ரோல் கலவை கெட்டு, ஆக்சிலேட்டரை விடும்போதெல்லாம் பட்டாசு வெடிக்கும். கடை வாசலில், மெயின் ரோட்டு இரைச்சலுக்கு நடுவே கேட்டுவிட்டு வாங்காதே. அதே குழாய் மாட்டிய வண்டியைக் காலை ஐந்து மணிக்கு உன் வீட்டு வாசலில் ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, உன் அம்மா படுக்கும் அறையில் நின்று கேள். ஆழமான சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். கனமாக இருந்தால் மட்டும் போதாது, அளவும் குறைவாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பேரனிடமும் சொன்னேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "பழைய சைலன்சரைக் கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன் தாத்தா" என்றான். சனிக்கிழமை இரண்டு பேரும் போகிறோம். இன்னும் கடைப் பரணில் கிடந்தால் நான் காசு கொடுத்துத் திரும்ப வாங்கித் தருவதாகப் பேச்சு. மாட்டுகிற கூலி அவன் பொறுப்பு. எதிர் வீட்டுப் பாலுக்கும் அவன்தான் கொடுக்க வேண்டும்.