கணக்கு தலையெழுத்தா?

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லையென்றால், பிரம்மா அவன் தலையில் எழுதவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். பிரம்மாவுக்கே கணக்குத் தெரியுமோ என்னவோ! நாம் கேட்கிறோம்: தூத்துக்குடிக் கடற்கரையில் மணலில் 14 குழி தோண்டிப் பல்லாங்குழி ஆடும் சிறுமி, காய் எந்தக் குழியில் தீரும் என்று முன்கூட்டியே சொல்லுகிறாளே, அதை எழுதியது யார்?

வெள்ளையர் ஆட்சியில் இங்கு நடந்த முத்துக்குளிப்பில் கரைக்கு வந்த சிப்பி மூன்று கூறாகும். இரண்டு சர்க்காருக்கு, ஒன்றுதான் மூச்சடக்கி மூழ்கியவனுக்கு. கூறு தெரியாதவன் கரையிலேயே ஏமாந்து போவான். அக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று; ஏமாறுதல் நிற்கவில்லை. 17 கிளிஞ்சலை மூன்று பிள்ளைகள் பங்கிடட்டும். மீதி இரண்டுக்கு அவர்கள் போடும் சண்டைதான் வகுத்தல் பாடம்.

தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஆட்டத்தை வகுப்புக்குள் விட்டிருக்கிறது. சந்தோஷமே. வெளியே இவ்வளவு மணல் சும்மா கிடக்கிறதே, உபாத்தியாயர் அங்கே வந்து பாண்டிக் கட்டம் போட்டால் என்ன?